வாசலில் ஒட்டாத அரை வருஷத் தாள்

மகளின் பிழைப்பே செத்தவர்கள் தயவில்தான் என்று கேரா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு. அது பொய்யுமில்லை. ரூசே நகரத்து ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்றின் மாடியறையில் உட்கார்ந்து அவர்களுடைய டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதான் நெவேனாவின் வேலை. ஒருவர் இறந்து நாற்பதாம் நாள், அரை வருஷம், ஒரு வருஷம் என்று வரும்போதெல்லாம் சில நாள் முன்பே படம் போட்ட தாள் ஒன்று அச்சாகி, அவர் வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் ஒட்டப்படும். நினைவு நாளுக்கு வாருங்கள் என்று யாரையும் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. தாளைப் பார்த்தவர் வருவார். சடங்கை நாளுக்கு முன்னால் செய்துகொள்ளலாம். நாள் தாண்டிச் செய்யக் கூடாது.

நெவேனா முதலில் துறைமுகத்தில் கணினி வேலை பார்த்தாள். அங்கே ஆள் குறைத்தபோது இங்கே வந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, இறங்கிய படியில் மறுபடி ஏறுகிற சுபாவம் அவளுக்கு. அந்தப் பயமே வேலையில் அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

அவளுடைய அப்பா ஸ்தோயில், கிரேன் ஓட்டியவர், ஆகஸ்ட் முப்பதாம் தேதி இறந்தார். அவருக்கும் தம்பி ஷெல்யோவுக்கும் படகு மோட்டார் ஒன்றை வைத்து வந்த சண்டையில் பேச்சு நின்று பல வருஷமாகியிருந்தது. ஷெல்யோ அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனான். கேராவுக்கு ஒரே ஆசை, அரை வருஷத்துக்கு அவன் வந்து, செத்தவர் பேரில் கொடுக்கும் வேகவைத்த கோதுமையில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட வேண்டும்.

"நான் வேணா சித்தப்பாவுக்கு போன் பண்ணட்டுமாம்மா?"

"செத்தவனுக்கு யாராச்சும் அழைப்பு வைப்பாங்களா? மூள இருக்காடி ஒனக்கு? தெனம் நம்ம கேட்டத் தாண்டித்தான போறான். தாளப் பாத்தா வருவான்."

ஜனவரியில் நிறுவனத்தில் வேறொரு தலைவலி. பக்கத்து ஊர்க் கிளைகளின் கணக்கையெல்லாம் ஒன்றாகச் சேர்த்ததில், அன்றன்றைக்கு ஒட்ட வேண்டிய பெயர்களை எடுக்கும் குவெரி நகரவே மறுத்தது. தாள் ஒட்டுகிற மிஞ்சோ பசை வாளியோடு வாசற்படியில் நின்று குரல் கொடுப்பான்:

"என்ன நெவேனா, உங்க மிஷின் ஒவ்வொரு பொணமா எழுப்பித் தேதி கேக்குதா? இங்க பசை காஞ்சுபோகுது!"

அவன் சொன்னது ஏறக்குறைய சரிதான். ஒவ்வொருவரின் இறந்த தேதியோடும் அரை வருஷத்தைக் கூட்டி, அது கேட்ட நாளா என்று குவெரி பார்த்துக்கொண்டிருந்தது. தேதியைச் சொன்னால் ஆளைச் சட்டென்று காட்டும் இண்டெக்ஸ் அழகாக இருந்தும், தேதியோடு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் டேட்டாபேஸ் அந்தப் பக்கம் திரும்பாது. நெவேனா பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். அரை வருஷத்தை மறுபக்கம் தள்ளி, கூட்டலைக் கழித்தலாக்கினாள். கேட்ட நாளிலிருந்து அரை வருஷம் பின்னால் போ, அன்று இறந்தவரைக் கொடு. கண்மூடித் திறப்பதற்குள் பெயர்கள் வந்து விழுந்தன. பழையதையும் புதியதையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பெயர்கூட மாறவில்லை. முதலாளி ராங்கெல் எல்லோருக்கும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி இருபத்தெட்டு காலையில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த நெவேனா, கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நாற்பதாம் நாள் தாள் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அரை வருஷத் தாள் இல்லை. பனியில் வழுக்கும் என்று கேரா ஒரு வாரமாகக் கேட் பக்கமே வரவில்லை.

கோயிலில் பாதிரியார், அவர்கள் இருவர், பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான். வேகவைத்த கோதுமை அப்படியே திரும்பி வந்தது.

"அவனும் மறந்துட்டான், ஊரும் மறந்துடுச்சு" என்றாள் கேரா. காரணம் நெவேனாவுக்குப் பாதி புரிந்திருந்தது.

அலுவலகத்தில் மீதியும் புரிந்தது. பிப்ரவரி இருபத்தெட்டிலிருந்து அரை வருஷம் பின்னால் போனால் ஆகஸ்ட் இருபத்தெட்டு. ஆகஸ்ட் முப்பதிலிருந்து அரை வருஷம் முன்னால் வந்தால், பிப்ரவரியில் முப்பது கிடையாது என்பதால் அதே இருபத்தெட்டில் முட்டி நிற்கும். போன வழியே திரும்பி வர முடியாத தூரம் அது. நாள் கணக்கென்றால் மறுபக்கம் தள்ளலாம். மாதம் ஒன்றுக்கொன்று நீளம் மாறுகிற சரக்கு, தள்ளினால் ஓரத்தில் சிந்தும். ஆகஸ்டின் கடைசி மூன்று நாளில் இறந்த அத்தனை பேரும் சிந்திப்போயிருந்தார்கள். அவள் ஒத்துப்பார்த்த ஜனவரி வாரத்தில் இந்த ஓரம் இல்லை.

குவெரியைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. முதலில் முன்னும் பின்னும் சில நாள் தாராளமாக விட்டு இண்டெக்ஸ் வழியே வலை வீசு. சிக்கிய கொஞ்சம் பேருக்கு மட்டும் பழையபடி கூட்டிப் பார். வேகமும் போகவில்லை, ஆளும் விடுபடவில்லை.

"சரியாப் போச்சில்ல? அப்ப விடு. யாரும் கேக்கல" என்றார் ராங்கெல்.

"கேக்க மாட்டாங்க. ஊரு மறந்துட்டதா நெனச்சு உள்ளயே அழுவாங்க."

"அதுக்கு? நாள் தாண்டி ஒட்டினா செருப்பால அடிப்பாங்கம்மா!"

"வர்ற சனிக்கிழமை எல்லா ஆத்மாக்களுக்கும் பொதுவான நாள். அதுக்குன்னு ஒட்டலாம். தப்பு எங்களோடதுன்னு வீட்டுக்கு வீடு நானே சொல்றேன்."

ராங்கெல் முணுமுணுத்துக்கொண்டே தாள் கொடுத்தார். முதல் தாளை நெவேனாவே அம்மா வீட்டுக் கேட்டில் ஒட்டினாள். கேரா ஜன்னல் வழியாகப் பார்த்து, மகள் சொன்னதையும் கேட்டுவிட்டு, "ஆக, உன் மிஷின்தான் எங்கள அனாதையாக்குச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. துறைமுகத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் கலைகிற நேரத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஷெல்யோ வந்தான்.

"நாலஞ்சு நாளா உங்க கேட்டயே சுத்தி வந்தேன் அண்ணி. பழைய தாள்தான் தொங்குச்சு. எங்கண்ணன மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

"நீ மறந்துட்டேன்னு நான் நெனச்சேன்டா."

"தப்பு என்னோடது சித்தப்பா" என்று நெவேனா ஆரம்பித்து, பிப்ரவரி, ஆகஸ்ட் என்று விளக்கப் போனாள். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"பொறுக்கிப் பொறுக்கி மாசக் கடைசில செத்தானே, உங்கப்பன சொல்லணும். எப்பவும் எடக்குதான் அவன்."

கேரா பெரிய கரண்டியாக எடுத்துக் கோதுமையை அவன் கிண்ணத்தில் போட்டாள். அவன் நின்றபடியே சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.