சீட்டில் துண்டு போட்ட கல்பனா அக்கா

"வலிக்காத நோய்க்கு நான் எதுக்கு மலை எறங்கணும்?"

ரங்கசாமி மாமா இதைப் புளியமரத்துக் கிளையில் நின்றபடி கேட்டார். கீழே கல்பனா அக்காவும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள் நான். ஈரலை வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் மாமாவுக்குச் சொல்ல எனக்குப் பதில் வரவில்லை. அவர் கிளையை உலுக்கினார். எங்கள் தலைமேல் புளி கொட்டியது.

"தள்ளி நில்லுங்க. மண்டை ஒடஞ்சா அதுக்கும் ஊசி போட வருவீங்க" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "சரி போ கல்பனா, அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

அக்காவின் முகம் சுருங்கியது. அந்த "வர்றேன்" அவருக்குப் பழக்கமானது.

கல்பனா அக்கா மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊர்க்காரர். வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது அவர் வேலை. வீட்டுக்காரர் சின்னராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அக்கா சாமைக் கொல்லையையும் பார்த்துக்கொண்டு இந்த வேலையையும் பார்க்கிறார். பள்ளி முடிந்து வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் நான் அவருடன் சுற்ற ஆரம்பித்தேன்.

போன தை மாதம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு முகாம் நடந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஹெபடைடிஸ் சி என்ற கிருமி பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஈரலை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரிக்கிற கிருமி அது. ரத்தத்தின் வழியாகப் பரவும். முன்பு பைக்கில் வந்து, ஊருக்கெல்லாம் ஒரே ஊசியைக் குத்திவிட்டுப் போன போலி டாக்டர் ஒருவரை எங்கள் பக்கம் மறக்கமாட்டார்கள். அப்படி வரலாம். பச்சை குத்தும் ஊசியால் வரலாம். ஒருவர் மழித்த பிளேடை இன்னொருவர் எடுத்தாலும் வரலாம்.

விரல் சோதனைப் பட்டையில் நோய்க்கான கோடு விழுந்தால், கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்று தெரிய, கையில் ரத்தம் எடுத்து இரண்டாவது சோதனை செய்ய வேண்டும். அது கீழே டவுன் அரசு ஆஸ்பத்திரியில், திங்கட்கிழமை காலையில். கிருமி இருந்தால் மூன்று மாதம் மாத்திரை. இலவசம்தான். அநேகமாக எல்லோருக்கும் குணமாகிவிடும்.

ஆனால் கோடு விழுந்த யாரும் கீழே போகவில்லை. ரங்கசாமி மாமாவும் அவர்களில் ஒருவர்.

அக்கா அவரை விடாமல் துரத்தியதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் அக்காவின் அண்ணன் அருளுக்கும் இதே கோடு விழுந்தது. அவரும் "அடுத்த வாரம் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்தார். ஜீப் இல்லாத நாள். கம்பில் புடவையைக் கட்டி, அதில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வரை அவர் தாங்கவில்லை.

"நம்ம ஆளுங்க யாரும் மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு சொல்லமாட்டாங்கடி. வர்றேன்னு சொல்லிட்டு வராம இருப்பாங்க. வர்றியான்னு கேக்குறதே தப்பு" என்றார் அக்கா.

எங்கள் ஊரிலிருந்து திங்கட்கிழமைதோறும் உஸ்மான் பாய் ஜீப் ஓட்டுகிறார். அவர் வாணியம்பாடிக்காரர், புளி வியாபாரி. மூட்டைகளை மேலே கட்டி, ஆட்களை உள்ளே ஏற்றிக்கொண்டு டவுன் மண்டிக்குப் போவார். அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் யார் துண்டு போட்டார்களோ, இடம் அவர்களுடையது. துண்டுக்காரர் வராமல் வண்டி கிளம்பாது.

"துண்டு போட்டுட்டு வராம இருந்தவனைப் பாத்துருக்கியா?" என்று அக்கா என்னைக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அதன்பிறகு அக்கா யாரையும் "வர்றீங்களா?" என்று கேட்கவில்லை. வாசலில் நின்று, "முன்சீட்டா, பின்சீட்டா?" என்று மட்டும் கேட்டார். ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். சொன்ன கையோடு அக்கா அவர்கள் துண்டை வாங்கிக்கொண்டார். மாமாகூட, "பின்சீட்டுல குலுக்கும், முன்சீட்டு போடு" என்று சொல்லிவிட்டார்.

உஸ்மான் பாயிடம் அக்கா இன்னொன்றும் பேசினார். மண்டிக்குப் போகும் முன் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்த வேண்டும். மண்டி முடிந்தால் ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள்.

"இன்னாம்மா, என் ஜீப்ப ஆம்புலன்ஸ் ஆக்கிட்டியா?"

"ஆம்புலன்ஸ்ல புளி ஏத்த வுடமாட்டாங்களே பாய்!"

பாய் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர.

முதல் திங்கட்கிழமை, கோடு விழுந்தவர்களின் துண்டுகளை மட்டும் அக்கா சீட்டில் வைத்தார். ஜீப் கோபால்சாமியின் டீக்கடை முன்னால் நின்றது. எங்கள் ஊரில் யார் துண்டு எது என்று குழந்தைக்கும் தெரியும். மாமாவுடையது பச்சைத் துண்டு, சிவப்புக் கரை. டீ குடிக்க வந்தவர்கள் ஜீப்பை எட்டிப் பார்த்தே, யாருக்கெல்லாம் நோய் என்று தெரிந்துகொண்டார்கள்.

மாமா வந்து டீ கேட்டார். தினமும் கண்ணாடி கிளாஸில் கொடுக்கும் கோபால்சாமி அண்ணன் அன்று பேப்பர் கப்பில் கொடுத்தார்.

மாமா அந்தக் கப்பையே பார்த்தார். குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். ஜீப்புக்குப் போய்த் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று புளி மட்டும் கீழே போனது.

"நல்லது பண்றேன்னு அவங்க நெத்தியில எழுதி ஒட்டிட்டேன்டி" என்றார் அக்கா. அழுவார் என்று நினைத்தேன். அவர் நேராக டீக்கடைக்குள் போனார்.

"அண்ணா, ரங்கசாமி மாமா குடிக்கிற கிளாஸ்ல எனக்கு ஒரு டீ."

"அது எதுன்னு யாரு கண்டா? எல்லாத்தையும் ஒரே தண்ணியிலதான் கழுவுறேன்."

"அப்ப இத்தினி வருசமா ஊரே அதுலதானே குடிக்குது? டீ கிளாஸ்ல இந்த நோய் வராதுண்ணா. ஒண்ணா சாப்ட்டாலும் வராது. ஆனா கடைக்குப் பின்னாடி கண்ணாடி மாட்டி, எல்லாருக்கும் ஒரே பிளேடு வெச்சிருக்கீங்களே, அதுல வரும்."

டீக்கடைக்குப் பின்னால்தான் எங்கள் ஊர் ஆண்கள் சவரம் செய்வார்கள். கோபால்சாமி அண்ணன் தன் தாடையைத் தடவினார். அன்று காலையில்தான் மழித்திருந்தார்.

"முகாம் அன்னிக்கு நான் கடைய வுட்டு வரலியே" என்றார் மெதுவாக.

"அதனால இன்னா? முன்சீட்டா, பின்சீட்டா?"

அடுத்த வாரத்திலிருந்து முறை மாறியது. மண்டிக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சும்மா டவுன் பார்க்கப் போகிறவர், எல்லோரும் அக்காவிடம்தான் துண்டு கொடுக்க வேண்டும் என்று உஸ்மான் பாய் அறிவித்தார். இனி துண்டைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கோடு விழுந்த மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். மாமா மட்டும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனோம்.

"நான் செஞ்சது தப்பு மாமா. உங்க துண்டை ஊருக்குக் காட்டினது தப்பு" என்றார் அக்கா.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேப்பர் கப்புல குடுத்தான். அந்த மூஞ்சிய நான் மறுபடி பாக்கணுமா? செத்தா என் வூட்லயே சாவறேன்."

உள்ளிருந்து அவர் மனைவி மாதம்மாள் அத்தை வந்தார். "நீ சாவு. இவரு பிளேடுலதான் நான் நகம் வெட்றேன் கல்பனா. முகாம் அன்னிக்கு நான் வெறகுக்குப் போய்ட்டேன். எனக்கு ஒரு சீட்டு போடு."

"முன்சீட்டா, பின்சீட்டா அத்தை?"

"முன்சீட்டு. ரோட்டைப் பாத்துகினு போணும்." சொல்லிவிட்டு, துண்டுக்குப் பதிலாகச் சீட்டில் போட ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். கூடவே கொடியில் காய்ந்த பச்சைத் துண்டையும் உருவி அக்கா மேல் வீசினார்.

"ஏய், அது என் துண்டு!"

"வேணும்னா காலையில ஜீப்புக்கு வந்து எடுத்துக்கோ."

மறுநாள் ஜீப் நிறைந்துவிட்டது. பச்சைத் துண்டு கிடந்த இடம் மட்டும் காலி. உஸ்மான் பாய் ஹாரன் அடித்தார். உள்ளிருந்தவர்கள் கத்தினார்கள். "யோவ் ரங்கசாமி, மண்டி மூடிடும்யா!"

மாமா வேகமாக வந்தார். "துண்டை எடுக்கத்தான் வந்தேன்" என்றார்.

துண்டுக்குப் பக்கத்தில் கோபால்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பூட்டு. "ஒன் பக்கத்துலதான் எடம் போட்டேன். எனக்கும் பாக்கணுமாம். தனியா போக பயமா இருக்குய்யா" என்றார்.

"ஒன் பேப்பர் கப்பு எங்க?"

"அடுப்புல போட்டு எரிச்சிட்டேன், போதுமா?"

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "மாமா, வேணாம்னா துண்டை எடுத்துகினு போங்க. யாரும் தடுக்கமாட்டோம்" என்றார். நான் பச்சைத் துண்டையே பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

மாமா துண்டை எடுத்தார். உதறினார். தோளில் போட்டார். காலியான சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏறி அதிலேயே உட்கார்ந்தார்.

"வண்டிய எடு பாய். புளி வெல எறங்கிடப் போவுது."

அத்தைக்கும் கோபால்சாமி அண்ணனுக்கும் கோடு விழவில்லை. மாமாவின் ரத்தத்தில் கிருமி இருந்தது. ஈரல் இன்னும் பெரிதாகக் கெடவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாமா மறந்துவிடாமல் இருக்க, மாத்திரை அட்டையை வைத்த பையை அவர் கிளை இழுக்கும் துரட்டிக் கம்பில் அக்கா கட்டிவிட்டார். துரட்டியைத் தொடாமல் மாமாவுக்கு ஒரு நாளும் விடியாது. மாத்திரை முடிந்து, புரட்டாசியில் மறுபடி ரத்தம் பார்த்தபோது கிருமி இல்லை. டீக்கடைக் கண்ணாடியில் இப்போது "அவரவர் பிளேடு அவரவருக்கு" என்று எழுதியிருக்கிறது.

போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் டீக்கடையில் அக்காவிடம், "எனக்குத்தான் எங்கயும் வலிக்கலியே" என்றார். கண்ணாடி கிளாஸில் டீ குடித்துக்கொண்டிருந்த ரங்கசாமி மாமா திரும்பினார்.

"வலிக்காதப்ப ஒங்கால்ல நடந்து வந்து ஜீப்புல ஏறலாம். வலிச்சா கம்புல கட்டித்தான் எறக்குவாங்க. இந்தப் பொண்ணோட அண்ணனை எறக்குனப்ப ஒரு பக்கம் தூக்கினவன் நான்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்து, "முன்சீட்டா, பின்சீட்டா?" என்று கேட்டார்.

இதைப் படிப்பவர்களே, விரல் சோதனையோடு நின்றுவிட்ட ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். முடித்ததும் "போறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் துண்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.