பாங்கு சொல்லாத போன்

கெலிஓயாவில் ஜெஸீமாவின் வீடு பள்ளத்தில் இருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் பாங்கு, அந்தத் தொழுகை அழைப்பு, மேட்டோடு நின்றுவிடும். நோன்பு திறக்க வீடே அவளுடைய போனில் இருக்கும் பாங்குச் செயலியைத்தான் நம்பியிருந்தது. இரண்டு நாளாக அது வாயே திறக்கவில்லை. நேற்றுக் கஞ்சியில் ஆடை படிந்தது. பக்கத்து வீட்டில் கோப்பைச் சத்தம் கேட்ட பிறகுதான் நோன்பு திறந்தார்கள்.

"இந்த போன் முடிஞ்சிது" என்றார் கணவர் ரஸீன்.

ஜெஸீமாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டைவிட்டு இறங்கினால் பிளக் எல்லாம் கழற்றிவிட்டுப் போகிறவள் அவள். போனை மட்டும் கண்டபடி விடுவாளா? இரண்டு நாளுக்கு முன் மெமரி நிறைந்திருப்பதைப் பார்த்ததிலிருந்து, பாங்குக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று, அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்பே செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு செயலியாக நிறுத்திவிடுவாள்.

இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நோன்பு திறக்க வந்திருந்த தங்கை ரிப்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன ராத்தா, பாங்கு சொல்ற ஆளையும் சேத்துல்ல கழுத்தப் புடிச்சித் தள்றீங்க!"

"மெமரி நெறஞ்சி ஈக்கிதே?"

"ஈந்தா ஈக்கட்டும். பின்னால கெடக்கிறதெல்லாம் சும்மா தூங்குது. எடம் வேணுமெண்டா போனே வெளிய போடும். நீங்க நிப்பாட்டினா, திரும்பத் தொறக்கும் வரைக்கும் அது எந்திரிக்காது."

ஜெஸீமா பாங்குச் செயலியைத் திறந்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கை அரித்தது. ஆனாலும் தொடவில்லை.

பாங்கு எழுந்தது, முழுக் குரலில்.

"நல்லாத்தானே ஈக்கிது!" என்றார் ரஸீன்.

"அது எப்பவும் நல்லாத்தான் ஈந்திச்சு." ஜெஸீமா ஈத்தம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். "நாந்தான் சும்மா உட்டு வெக்கல்ல."