டேப்பு தராத பிரசிடெண்டு

கம்பெனி பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்கு வராது. ஒரகடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் வாடகை வீடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை. இடையில் பஸ் ஓடுகிற நேரமெல்லாம் என் கச்சேரிதான். திருநெல்வேலிப் பேச்சைக் கேட்கவே சிலர் என் பக்கத்து சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள்.

அந்த வாரம் ஓடியது முன்பு இருந்த ஒரு அமெரிக்க ஜனாதிபதியின் கதை. போனில் ஒரு ஆடியோ நிகழ்ச்சியில் கேட்டிருந்தேன். தன் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து மாட்டிக்கொண்டதை மூடி மறைத்திருக்கிறார். பிடிக்காதவர்கள் மேல் வரி அதிகாரிகளை ஏவப் பார்த்திருக்கிறார். விசாரிக்க வந்தவரையே வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறார். ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆளுக்கு, சட்டம் மற்றவர்களுக்குத்தான் என்கிற திமிர். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அறையில் பேசியதெல்லாம் டேப்பில் பதிவாகியிருந்ததுதான் கடைசியில் வினையானது.

அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. முதல் நாள் ‘அமெரிக்கா பிரசிடெண்டு’ என்றேன். மறுநாளிலிருந்து வெறும் பிரசிடெண்டுதான்.

“டேப்ப கேட்டா தர மாட்டேங்காரு. வேற வழியில்லாம தந்தா, நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரல. வெறும் புஸ்ஸுனு சத்தந்தான்.”

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. நான் குடியிருக்கும் கிராமத்தின் பின்தெருப் பெண் ஒருத்தி கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கிறாள். முதல் நாள் அவளுக்கு வேறு ஷிஃப்ட். அன்று பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் ஓங்கித் தட்டினாள்.

“கரீட்டா சொன்னக்கா! புஸ்ஸுனு காத்துதான் வர்து!”

என் பேச்சுக்கு இவ்வளவு மவுசா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டொரு நாளில் வீட்டு ஓனரம்மா வாசலில் வழிமறித்தார். “இன்னாம்மா பேசி வெச்சிக்கிற? பஸ் டிரைவர் போய் அல்லாத்தையும் சொல்லிக்கிறான். பிரசிடெண்டு உன்ன வரச் சொன்னாரு. அவரு எதுனா சொன்னா நீ வூட்ட காலி பண்ணிடணும், ஆமா.”

ஊராட்சித் தலைவரை இங்கே பிரசிடெண்டு என்றுதான் சொல்வார்கள். அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. கல்யாணமாகாத பெண்களுக்கு வீடு தர ஆயிரம் கேள்வி கேட்கிற இடம் இது. இந்த வீடும் போனால் நானும் என் தங்கையும் பெட்டியோடு ரோட்டில்தான்.

தலைவர் தன் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். “பஸ்ல என்னைப் பத்தி இன்னா கதை வுட்டுக்கினு கீற? நான் டேப்பு தர்லியா? கேள்வி கேட்டவனத் தூக்கிட்டனா?”

பயத்தில், “அண்ணாச்சி...” என்று வந்துவிட்டது.

“நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிக்கினு கீறேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்தெருக் குழாயில் மாதக்கணக்காகத் தண்ணீர் இல்லை. கிராம சபையில் இவரைக் கேள்வி கேட்ட தெரு அது என்று என் லைன்காரி புலம்பியிருக்கிறாள். குழாயை எங்கள் திருநெல்வேலியில் பைப்பு என்போம். இவர்களுக்கு அதுவும் டேப்பு!

“ஐயா, அது அமெரிக்கா பிரசிடெண்டு! பேச்சைப் பதிவு பண்ணுத டேப்பு. தண்ணி பைப்பு இல்ல!”

போனில் அந்த நிகழ்ச்சியை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். “அமெரிக்காவா! போ, போ. ஓனராண்ட நான் சொல்லிக்கிறேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கும் வந்த மாதிரிதான் தெரிந்தது. நான் செருப்பு மாட்டும்போது கூப்பிட்டார். “அந்தாளு கடைசீல இன்னா ஆனான்?”

“டேப்ப குடுத்தே ஆகணும்னு கோர்ட்டு சொல்லிட்டு. குடுத்தாரு. கூட இருந்தவங்களே கைவிட்டுட்டாங்க. பதவிய விட்டு இறங்கிட்டாரு ஐயா.”

அதற்கு அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன். அவளுக்கு விஷயத்தைச் சொல்லவே வெகுநேரம் ஆனது.

அடுத்த வாரம் பஸ்ஸில் லைன்காரி ஒரு பாட்டிலை நீட்டினாள். “எங்க டேப்புத் தண்ணிக்கா. நேத்துலேர்ந்து வர்து.”

“ஏட்டி, நான் சொன்னது அமெரிக்கா கதை.”

“தெரியும்க்கா. மொத நாள் கேட்டவங்க சொன்னாங்க. டிரைவராண்டதான் அத்த நான் சொல்லல.”

எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. “என் வீடு போயிருந்தா என்னட்டி பண்ணியிருப்பேன்?”

“எங்க வூட்டுக்கு வந்திருப்ப,” என்றாள். “தண்ணிதான் இருந்திருக்காது.”