நாய்த்தலை தின்னி சொன்ன செய்தி

எங்கள் கூம்பிலி ஊரில் இருந்த ஒரே நிருபர் லசினா பாரே. தலைநகர வானொலிக்குச் செய்தி அனுப்புபவன். அடுத்த நிருபரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், கினிக்கோழி முட்டை பொரிந்து குஞ்சு கிழமாகும்வரை மொபெட் ஓட்ட வேண்டும். எழுதியது சரியா என்று அவன் மொபெட்டிடம்தான் கேட்பான். அது இருமும்.

போதாததற்கு அவன் சாமோ, நாங்கள் மோசி. இரு இனத்துக்கும் பாட்டன் காலத்துக் கேலி முறை. நாங்கள் அவனை நாய்த்தலை தின்னி என்போம். அவன் எங்களை அடிமைகளே என்பான். யாரும் கோபிக்கக் கூடாது. ஒருவர் சொல்வதை மற்றவர் மெய்யென்று நம்புவதும் இல்லை.

ஒரு வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன், ஊரின் இரண்டு அணைகளில் கீழணையின் கரையில் கை நுழையும் விரிசலைக் கண்டான். ஊர்த்தலைவரிடம் ஓடினான். ஏதாவது நாய் புகுந்திருக்கும், தலை கிடைக்கிறதா தேடிப் பார் என்றார் அவர். கூட்டம் சிரித்து உருண்டது.

வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினான். செய்தி ஆசிரியர் ரஸ்மானேயும் மோசிதான்.

"அண்ணே, மழ வந்தா கீழத்தெரு போயிரும்."

"உனக்கென்னடா, நாய்க்கறிக்குத் தொட்டுக்க மீன் வரும்."

"இன்னிக்கு ஒரு நாள் அந்த முறைய விட்டுருங்கண்ணே. நிருபரா பேசுறேன்."

"சரி நிருபரே, வேற நிருபர் யாராச்சும் பாத்தாங்களா?"

"இங்க வேற நிருபர் ஏதுண்ணே?"

"அப்ப நாயக் கூட்டிட்டு வா, சாட்சி சொல்லட்டும்."

மழை வந்தது. கரை உடைந்து கீழத்தெருவை வழித்துக்கொண்டு போனது. குயவன் நோவாகாவின் மனைவி போக்கோவும் போனாள். மறுநாள் ரஸ்மானே கூப்பிட்டு, இவ்வளவு பெரிய செய்தியை ஏன் முன்பே அழுத்திச் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார்.

எங்களில் சாவு விழுந்தால் கேலி முறைக்காரன் வந்து, செத்தவரைப் போல நடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஊரில் வேறு சாமோ இல்லை. நோவாகா வீட்டு முற்றத்தில் எல்லோரும் லசினாவைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அவன் போக்கோவைப் போல நடக்கவில்லை, பேசவில்லை.

"மேல் அணையிலயும் விரிசல் இருக்கு. நேத்துப் பாத்தேன். மேலத்தெரு ஆளுங்க இன்னிக்கே கெளம்புங்க."

முதலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முற்றமே சிரித்தது. நோவாகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோள பீர் நிறைந்த சுரைக்குடுக்கையை அவனிடம் நீட்டினான்.

"உன்ன மாதிரி யாராலயும் முடியாதுடா."

முறைக்காரன் மறுக்கக் கூடாது. லசினா வாங்கிக் குடித்தான்.