நன்றிப் பகுதியில் ஒரு குழந்தை

ஒரு வீடியோ கேமின் முடிவில், கறுப்புத் திரையில் மேல்நோக்கி ஓடும் பெயர்களில் என் பேரனின் பெயரும் இருக்கிறது. அது ஏறியபோது அவனுக்குக் கழுத்துகூட நிற்கவில்லை. அந்த விளையாட்டின் தெருக்களையெல்லாம் உருவாக்கிய பெண்ணின் பெயர் அதில் இல்லை. அவன் பெயரைச் சேர்த்தவனும் நான்தான், அவள் பெயரை எடுத்தவனும் நான்தான்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அடையாறில் ஒரு பேக்கரிக்கு மேல் இருந்த கேம் கம்பெனிக்கு என்னை அழைத்துப்போனவன் என் பழைய மாணவன். அங்கே அவன் மேனேஜர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக அவர்கள் கேம் செய்துகொடுத்தார்கள். பாத்திரங்கள் பேசும் ஆங்கிலத்தைச் செப்பனிடுவதும், திரையில் வரும் எல்லா எழுத்தையும் பிழை பார்ப்பதும் என் வேலை. ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது, பணத்துக்காகப் போகவில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அபிராமபுரத்திலிருந்து ஆட்டோ பிடிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. அங்கே எல்லாரும் என்னை "சார்" என்றார்கள். அதுவும் வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு என் பக்கத்து மேஜை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தெக்கத்திக் குடும்பம். கேமில் வருவது ஒரு பழைய துறைமுக நகரம். காணாமல்போன தம்பியைத் தேடிக்கொண்டு ஒருவன் அதன் சந்துகளில் அலைவான். அந்தச் சந்துகள், படிக்கட்டுகள், கொடியில் காயும் துணி எல்லாம் அவள் செய்தவை. ஈரம் ஏறிய ஒரு சுவரோடு மட்டும் நாள்கணக்கில் மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் யாரும்மா நின்னு பார்க்கப்போறாங்க?" என்று கேட்டேன்.

"ஓடறவங்க பார்க்க மாட்டாங்க சார். ஒளிஞ்சிக்கறவங்க பார்ப்பாங்க."

கேம் முடியும் தறுவாயில் ஆபீசில் பேச்சு மாறியது. சாஃப்ட்வேர் சந்தா ஏறிவிட்டது, கம்ப்யூட்டர் விலை ஏறிவிட்டது, வாடகையும் ஏறிவிட்டது. கேம் செய்ய ஆகும் செலவு பல மடங்கானாலும் வாங்குகிறவன் பழைய விலைக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்கிறான். வெளிநாட்டில் பேர்பெற்ற ஸ்டூடியோக்களையே இழுத்து மூடுகிறார்கள் என்று பையன்கள் செல்போனைக் காட்டிக்கொண்டே டீ குடித்தார்கள். "பிரியாணி அண்டாவையே கவுத்துட்டானுங்க மச்சி, நம்ம வெறும் தயிர் பச்சடிடா," என்றான் ஒருவன். சிரித்தார்கள். முதலில் பிஸ்கட் நின்றது. பிறகு சாயங்காலமானால் ஏசியை அணைத்தார்கள். யார் மேனேஜர் அறைக்குள் போனாலும், வெளியே வரும்வரை கீபோர்டு சத்தமே கேட்காது.

ஒரு திங்கட்கிழமை காலை, மாடிப்படியில் கூட்டமாக நின்றிருந்தார்கள். கதவுப் பெட்டியில் கார்டை வைத்தால் பச்சை எரிய வேண்டும். சிலருக்குச் சிவப்பு எரிந்தது.

"மெஷின் ரிப்பேராண்ணே?" என்று வாட்ச்மேனிடம் யாரோ கேட்டார்கள்.

"மெஷினு நல்லாத்தான் கீது. செவப்பு எரிஞ்சா கீழ நிக்கச் சொல்லுன்னாங்க. என்னை இன்னா பண்ணச் சொல்ற நைனா?"

அவள் எனக்கு முன்னால் நின்றாள். சிவப்பு எரிந்தது. கார்டைத் துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்புதான். திரும்பி, "நீங்க வெச்சுப் பாருங்க சார்," என்றாள். பழுது மெஷினில்தான் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள். என் கார்டுக்குப் பச்சை எரிந்தது. கதவு மூடிக்கொள்வதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

வேலை போன அந்த வாரமே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹைதராபாத் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் வெளிவந்த கேம் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும் என்றார்களாம்.

"நான் செஞ்சதெல்லாம் கம்பெனி சொத்து சார். ஒரு படம்கூட வெளியில காட்டக் கூடாது. என் பேரு வந்தாத்தான் நான் வேலை பார்த்தேன்னே நம்புவாங்க. கேம் வர்ற வரைக்கும் காத்திருக்கோம்னு சொல்லியிருக்காங்க."

"வரலைன்னா?"

"அப்பா கடையில பில் போட ஆள் தேடிட்டிருக்காரு. நான் வந்துடுவேன்னு அவருக்கு ஒரே குஷி."

பெயர்ப்பட்டியல் என் மேஜையைத் தாண்டித்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். "கண்டிப்பா இருக்கும்மா," என்றேன். அவள் போனபின் என் மனைவி டம்ளரை எடுத்துப் பார்த்தாள். "ஏன்னா, காபியைத் தொடவே இல்லையே. உங்களைத்தான் நம்பிண்டு வந்திருக்கா போலிருக்கு."

பட்டியல் வந்த அன்று மேனேஜர் என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போனவங்க பேரையெல்லாம் எடுத்துடுங்க சார். ரிலீஸ் அன்னிக்கு வேலையில இருக்கறவங்க மட்டும்தான். வெளிநாட்டுக்காரன் போட்ட ரூல்."

"உழைச்சவங்கப்பா," என்றேன்.

"தெரியும் சார். நன்றின்னு கடைசியில ஒரு பகுதி இருக்கே, அதுல ஒரு ரெண்டு வரி இடம் இருக்கு. உங்களுக்குத் தோணறதைப் போடுங்க, அதையெல்லாம் அவன் பார்க்க மாட்டான்." பிறகு அவனாகவே சொன்னான்: "பேரன் பொறந்திருக்கானே சார்! கேம் தயாராகும்போது பொறக்கற குழந்தைங்க பேரைப் போடறது எங்க தொழில்ல ஒரு வழக்கம். ராசி!"

அவன் எழுந்து போனபின் அந்த இரண்டு வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் பெயரை அடித்தேன். கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அவள் பெயரை அடித்தேன், உடனே அழித்தேன். ஒருத்தி பெயரைப் போட்டால் மற்றவர்களும் கேட்பார்கள், அது நியாயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமெல்லாம் சாக்கு. மேனேஜர் பார்த்தால் என்ன நினைப்பான், நாளைக்கு என் கார்டுக்கு எந்த நிறம் எரியும் என்பதுதான் என் கவலை. அந்த வேலை போயிருந்தால் எனக்கு ஒரு வேளைச் சோறுகூடக் குறைந்திருக்காது. அந்த வரியைக் காலியாகவே விட்டேன்.

கேம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டு டி.வி.யில் எல்லாரும் கூடிப் பார்த்தோம். என் பெயர் வந்தது. நன்றிப் பகுதியில் பேரன் பெயர் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். குழந்தை பயந்து வீறிட்டது. அப்போது என் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. அவளிடமிருந்து செய்தி.

"சார், பட்டியல் முழுக்கப் பார்த்தேன். பேரன் பேரு அழகா இருக்கு. வாழ்த்துகள்."

அதில் கிண்டல் இருக்கிறதா என்று பலமுறை படித்துப் பார்த்தேன். கிண்டலாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், அடுத்த அப்டேட்டில் அவள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். "எந்த அப்டேட் சார்? இந்த மாசத்தோட ஆபீஸையே மூடறாங்க. இன்னிக்கு காலைலதான் மெயில் வந்தது. அடுத்து எனக்கே சிவப்புதான்." வெளியே ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத் கம்பெனிக்கு நானே எழுதினேன், நடந்ததைச் சொல்லி. அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

நான் பயந்து பயந்து காத்த வேலை அந்த மாதத்தோடு போனது.

அதன்பிறகுதான் தி. நகர் கடைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். வெறுங்கையோடு எப்படி நிற்பது என்று குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பில் போடும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது.

"யார் பேர்ல சார் பில்லு? உங்க பேரா, பேரன் பேரா?"

பின்னாலிருந்து அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "ஏட்டி, சார் தெரிஞ்சவுகளா?"

"ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவர்ப்பா."

"அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டா? அதுல இவுக பேரு வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"பாத்தியா! பெரியவுக பேரெல்லாம் வந்திருக்கு. நீதான் அங்க சும்மா போயிட்டு வந்திருக்க. சாருக்குக் குறைச்சுப் போடு."

"ஐயா," என்றேன். "அந்த விளையாட்டில வர்ற ஊரே உங்க பொண்ணு செஞ்சதுதான். அவ பேரை எடுத்தது நான். நன்றியில இடம் இருந்தும் என் பேரன் பேரை மட்டும் போட்டுக்கிட்டேன்."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள், "கொஞ்சம் நகருங்க பெரியவரே," என்றார்கள். அவள் சட்டையைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"இதை அங்க சொல்லியிருக்கணும் சார்," என்றாள் மெதுவாக.

ஆட்டோவில் உட்கார்ந்து பில்லைப் பிரித்துப் பார்த்தேன். அவள் எதுவும் குறைத்துப் போடவில்லை. பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.