மூன்று தட்டில் ஒரே பாட்டு

அன்று இசைத்தட்டுக் கடையில் நானும், துரைமார் கிளப்பில் கொர்னெட் என்ற சின்ன ஊதுகுழல் வாசிக்கும், எனக்குப் பழக்கமான அண்ணனும் மட்டுமே இருந்தோம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வாங்காதவருக்குத் தட்டுப் போட்டால் என் வேலை போய்விடும்.

முந்தின நாள் துரை ஒருவர் கேட்ட ஓர் அமெரிக்க சோகப்பாட்டை அண்ணன் ஊதியபோது, "இது அந்தப் பாட்டே இல்லை" என்று அவர் கத்தினாராம். இன்றும் தப்பாக ஊதினால் அண்ணனுக்கு வேலை இல்லை.

அதே பாட்டை மூன்று பேர் பாடியிருந்தார்கள். மூன்றையும் போட்டேன். அண்ணன் இல்லாத கொர்னெட்டை விரலால் அழுத்திக்கொண்டே கேட்டார்.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே, முதலாளி வந்துருவாரு!"

"முதல் பொம்பள அழுவுறா. அடுத்தவன் ஆடுறான். மூணாவது ஆளு தூங்குறான்லா. துரை எதக் கேட்டானோ!"

முதல் தட்டை என் பேரில் கடன் எழுதச் சொல்லி எடுத்துப் போனார்.

மறுவாரம் துரையின் டிரைவர் வந்தார். "கிளப்புல அந்தக் கொர்னெட்காரர் ஊதுனாரே, துரைக்கு அதே பாட்டுத் தட்டு வேணுமாம்."

முதல் தட்டில் இன்னொன்று கடையில் இருந்தது; மூன்றையும் போட்டுக் காட்டினேன்.

"இது எதுவும் இல்லலா, தம்பி. நானும் கேட்டேன், அவரு ஊதுனது வேற மாதிரி."

அண்ணன் ஏனோ கடைப்பக்கம் வரவேயில்லை. தட்டின் விலை ஒன்றரை வெள்ளி இன்னும் என் பேரில் பாக்கி.