தண்ணீர் இல்லாத ஸ்டேஷனில் பதினோரு நிமிடம்

நாம் உலகக் கோப்பையை ஜெயித்த அந்த 1983 ஜூன் சனிக்கிழமைக்கான என் டைரிப் பக்கத்தில், கிரிக்கெட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு பாசஞ்சர் வண்டியைப் பற்றியது.

அப்போது நான் திருச்சி ஜங்ஷனில் ரயில்வே கண்ட்ரோலர். திண்டுக்கல் வரை ஒற்றைத் தடம், நீராவி இன்ஜின்கள். அதில் எந்த வண்டி எங்கே நிற்பது, எது முதலில் போவது என்று சொல்வது என் வேலை. காதில் ஹெட்போன், எதிரே மேஜை அகலத்துக்கு ஒரு சார்ட். வழியில் உள்ள ஸ்டேஷன்கள் எல்லாம் ஒரே டெலிபோன் லைனில் இருந்தன. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கும். அவர்கள் வண்டி வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் சொல்வார்கள், நான் பென்சிலால் கோடு இழுப்பேன். வண்டி ஓடினால் கோடு சாய்வாகப் போகும். நின்றால் படுத்துவிடும். படுத்த கோட்டுக்குப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். பதினான்கு வருஷத்தில் நான் பொய்க் காரணம் எழுதியதில்லை. ரப்பரைத் தொட்டதும் அபூர்வம்.

அதே வாரம் புதன்கிழமை செமி ஃபைனல். மணப்பாறையைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் மாஸ்டரிடம் நல்ல ஷார்ட் வேவ் ரேடியோ இருந்தது. வண்டி நேரங்களுக்கு நடுவே அவர் ஸ்கோரும் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற மாஸ்டர்களும் சேர்ந்துகொள்ள, லைனில் பேச்சு ஓயவில்லை. அந்த நேரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி சிக்னல் கிடைக்காமல் வெளியே ஏழு நிமிடம் நின்றது. மறுநாளே நான் அவர் மேல் ரிப்போர்ட் எழுதினேன். எங்கள் சீஃப் கண்ட்ரோலர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாஸ்டர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டிருந்தார். பெண்ணுக்குத் திருச்சியில் காலேஜ் சீட் கிடைத்திருந்தது. அவர் இருந்த ஊரில் காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. மாற்றல் உத்தரவு கையெழுத்தாக வேண்டிய சமயம். என் ரிப்போர்ட் மேலே போனால் அது அப்படியே நின்றுவிடும். இது எனக்குத் தெரிந்துதான் எழுதினேன். ஏழு நிமிடம் ஏழு நிமிடம்தானே.

சனிக்கிழமை எனக்கு நாலு மணியிலிருந்து நள்ளிரவு வரை டியூட்டி. ஸ்ரீரங்கத்தில் வீட்டைவிட்டு சைக்கிளை எடுக்கும்போது மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "ஊரே ரேடியோ முன்னாடி உக்காரப் போறது. நீங்க கூட்ஸ் வண்டிய எண்ணிண்டு இருங்கோ."

"லீவு மத்தவாளுக்கும் வேணுமோல்லியோ."

"வேணும், வேணும். உங்களைத் தவிர எல்லாருக்கும் வேணும்."

ஆபீசில் ரேடியோ கூடாது. ஏழு மணி வாக்கில் பக்கத்து செக்‌ஷன்காரர் டீ குடித்துவிட்டு வந்து, "நூத்தி எம்பத்தி மூணுக்கு நம்ம எல்லாரும் அவுட். அவ்வளவுதான், மூட்டையக் கட்ட வேண்டியதுதான்" என்றார். எதிரே இரண்டு முறை கோப்பையை வென்ற மேற்கிந்தியத் தீவுகள். அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

லைனும் அன்று சுத்தமாக இருந்தது. மாஸ்டர்கள் நேரத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். ரிப்போர்ட் விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. நான் இதைத்தான் விரும்பினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கூர்மையாக இருந்த பென்சிலையே மறுபடி சீவினேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், ஹெட்போன் கம்பியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினேன். சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் எத்தனை தடவை ஒப்பிட்டேன் என்று தெரியாது. கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

இருட்டிய பிறகு அந்தச் சின்ன ஸ்டேஷன் பேசியது. "கூட்ஸ் உள்ள வந்துருச்சு சார். பாசஞ்சர் நிக்குது. விடலாமா?"

"இருங்க" என்றேன். அடுத்த ஸ்டேஷனைக் கேட்டுவிட்டுச் சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஸ்கோர் என்ன?"



"சார், இது கண்ட்ரோல் லைன் சார்" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

யாரோ ஒரு மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "சொல்லிருங்க சார், கேக்கறது யாரு, கண்ட்ரோலே கேக்குது!"

"நான்தான் கேக்கறேன். சொல்லுங்க."

"ஐம்பது தாண்டிருச்சு சார். ரெண்டு பேர் போயாச்சு. ஆனா அவங்களோட அந்தப் பெரிய பேட்ஸ்மேன் நிக்கிறான். அடிக்கிற அடியப் பாத்தா சீக்கிரமே முடிச்சுருவான் போல." பிறகு ரிசீவரை ரேடியோ பக்கம் பிடித்தார் போலிருக்கிறது. கரகரவென்ற இரைச்சலுக்குள் ஓர் ஆங்கிலக் குரல் உயர்ந்தது. "தூக்கிட்டான் சார்... மேல போகுது... நம்ம கேப்டன் ஓடறான்... பின்னாடியே ஓடறான்... புடிச்சுட்டான்! புடிச்சுட்டான் சார்!"

அவர் குரலுக்குப் பின்னால் நூறு பேர் கத்துவதுபோல ஒரு சத்தம்.

"யாரு அங்க கத்தறது?"

"பாசஞ்சர் வண்டி ஜனங்க சார். ஜன்னல் பூரா நிக்கிறாங்க. டிரைவரும் எறங்கி வந்துட்டாரு."

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். "இருங்க" என்று சொல்லிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. முன்னால் பாதை காலி. வண்டியில் இருந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது போகாமல் இருந்ததே சௌகரியம்.

"விடுங்க, உடனே விடுங்க!"

வண்டி போயிற்று. என் சார்ட்டில் பதினோரு நிமிடக் கோடு படுத்துக் கிடந்தது. காரணம் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் லைனில் ஸ்கோர் சொன்னவரையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்கள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன போடறது?" என்று அவரிடமே கேட்டேன்.

"நீங்க போடறதையே நானும் ரெஜிஸ்டர்ல போட்டுக்கறேன் சார்."

'இன்ஜின் தண்ணீர் பிடித்தது' என்று எழுதினேன். அதையே அவருக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு விநாடி மௌனம். "சரிங்க சார்" என்றார்.

அந்த மௌனம் எதற்கு என்று அப்போது உறைக்கவில்லை. அடுத்தடுத்து விக்கெட் விழுந்துகொண்டிருந்தது. இப்போது கேட்காமலே எல்லா ஸ்டேஷனும் பேசியது. நான் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் நேரத்தை இரண்டு முறை கேட்டு எழுதினேன். டியூட்டி முடிய வேண்டிய நேரத்தில் ஜெயித்தோம். நாற்பத்து மூன்று ரன்.

காவிரிப் பாலத்தில் சைக்கிளில் வரும்போது ஸ்ரீரங்கத்துப் பக்கம் யாரோ சரவெடி வைத்தார்கள். ஆற்றில் மணல்தான் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் தலையில் அடித்தாற்போல் இருந்தது. அந்த ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயே கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆபீசில் பியூன்வரை எல்லோருக்கும் தெரியும். பொய் எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதிய பொய்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லோரும் அந்தக் கேட்சைப் பற்றியே பேசினார்கள். நான் புதன்கிழமை ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியான வார்த்தைகள். 'அவர்' என்ற இடத்தில் 'நான்' என்று மாற்றினால் போதும், சனிக்கிழமைக்கும் அப்படியே பொருந்தியது. நிமிடம் மட்டும் நாலு அதிகம்.

திங்கட்கிழமை சீஃப் சார்ட்டைப் புரட்டி, சரியாக அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க எப்பய்யா தண்ணிக் குழாய் போட்டாங்க?"

"போடலை சார்."

"அப்புறம்?"

"நான்தான் சார் வண்டிய விட மறந்துட்டேன். ஸ்டேஷன்ல தப்பு எதுவும் இல்லை."

நேரத்தை மறுபடி பார்த்தார். மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "அந்தக் கேட்ச் டயமா?"

"ஆமா சார்."

கையெழுத்தைப் போட்டு சார்ட்டை நகர்த்தினார். "அடுத்த தடவை எழுதறதுக்கு முன்னாடி தண்ணி இருக்கற ஸ்டேஷனாப் பாத்து எழுதும். வேற ஏதாவது குடுக்க வேண்டியது இருக்கா?"

ரிப்போர்ட்டோடு பை தோளில்தான் இருந்தது. "இல்லை சார்" என்றேன். மூன்று நாளில் இரண்டாவது பொய்.

அடுத்த மாதம் அந்த மாஸ்டர் ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் காலை பிளாட்பாரத்தில் எதிரே வந்தார். முதன்முறையாக நேரில் பார்த்துக்கொண்டோம். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெண் காலேஜில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு பிளாட்பாரத்துக் குழாயைக் காட்டி, "இங்க தண்ணி இருக்கு சார். தைரியமா எழுதிக்கலாம்" என்றார்.

அந்த ரிப்போர்ட்டைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. எதையும் கிழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. அந்த வருஷத்து டைரியில், சனிக்கிழமைப் பக்கத்தில் அதை மடித்து வைத்திருக்கிறேன். எதிரே, பதினோரு நிமிடத்துக்கு உண்மையான காரணத்தை மையால் எழுதியிருக்கிறேன்.